3டி மாடலிங்: மெஷ், நர்ப்ஸ், சப்டிவிஷன், சிஎஸ்ஜி... ஒரே உருவத்துக்கு ஏன் இத்தனை வழி?

கதிர்நிலவன் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். வீடியோ பார்த்து பிளெண்டர் என்ற 3டி மென்பொருளை ஓரளவு கற்றுக்கொண்டேன். காலேஜ் புராஜெக்டுக்கு ஒரு சின்ன கன்வேயர் செய்கிறோம். அதற்கான புல்லியை பிளெண்டரில் வரைந்தேன். நடுவில் ஷாஃப்டுக்கு 10 மி.மீ. துளை. 3டி பிரிண்ட் எடுத்தால் ஷாஃப்ட் சுத்தியலால் தட்டித்தான் உள்ளே போகிறது. ரூம்மேட் அதே புல்லியை ஓப்பன்ஸ்கேடில் (வரையாமல் நிரலாக எழுதி உருவம் செய்யும் மென்பொருள்) எழுதி, அதே பிரிண்டரில் போட்டான். அவனுடையதில் நுழையவே இல்லை!

சரி, அலுமினியத்திலேயே செய்துவிடலாம் என்று ஒரு சிஎன்சி பட்டறைக்கு எஸ்டிஎல் கோப்பை அனுப்பினேன். "ஸ்டெப் இருந்தா அனுப்புப்பா, இத வெச்சு ஒண்ணும் பண்ண முடியாது" என்று சொல்லிவிட்டார்கள்.

தேடிப் பார்த்தால் பாலிகன் மெஷ், நர்ப்ஸ், சப்டிவிஷன், சிஎஸ்ஜி, பி-ரெப், எஸ்டிஎஃப் என்று போய்க்கொண்டே இருக்கிறது. புல்லி ஒன்றுதானே? அதை கம்ப்யூட்டரில் எழுதி வைக்க ஏன் இத்தனை முறை? எதிலிருந்து கற்கத் தொடங்குவது?

---

கோவை_பேட்டர்ன் எழுதியது:

தம்பி, முதலில் துளைக் கணக்கை முடித்துவிடுவோம்.

பிளெண்டரில் சிலிண்டர் போட்டால் தானாக வருவது 32 பக்கம் கொண்ட பட்டகம், வட்டம் அல்ல. முனைகள் மட்டும்தான் 5 மி.மீ. ஆரத்தில் இருக்கும். இரண்டு முனைகளுக்கு நடுவே உள்ள தட்டைப் பக்கம் மையத்தை நோக்கிக் கொஞ்சம் இறங்கியிருக்கும். எதிரெதிர்ப் பக்கங்களுக்கு இடையே அளந்தால் 10 × கொசைன்(180/32 பாகை), அதாவது 9.95 மி.மீ. ஓப்பன்ஸ்கேடில் பக்க எண்ணிக்கை சொல்லாமல் விட்டால் இந்த அளவுத் துளைக்கு 16 பக்கம்தான் வரும். அங்கே 9.81. ரூம்மேட்டின் புல்லியில் ஏன் நுழையவே இல்லை என்று இப்போது தெரிகிறதா? பிளாஸ்டிக் பிதுங்குவதற்காக விட வேண்டிய 0.2, 0.3 இடைவெளி இதற்கு மேல் தனி.

அடுத்தது எஸ்டிஎல். 1987-ல் 3டி சிஸ்டம்ஸ் நிறுவனம் தன் பிரிண்டருக்காகக் கொண்டுவந்த கோப்பு அது. பைனரி கோப்பைத் திறந்தால் 80 பைட் தலைப்பு, 4 பைட்டில் முக்கோண எண்ணிக்கை, அப்புறம் முக்கோணம் ஒன்றுக்கு 50 பைட். முக்கோணம் எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்பதற்கு 3 எண்கள், மூன்று முனைகளுக்கு 9 எண்கள், மிச்சம் 2 பைட். கோப்பு முழுக்க இதேதான். மி.மீ.யா அங்குலமா என்றுகூட அதில் இருக்காது.

ஸ்டெப் கோப்பில் உங்கள் துளை எப்படி இருக்கும் தெரியுமா? "உருளைப் பரப்பு, அச்சு இது, ஆரம் 5, இந்த வட்ட விளிம்பிலிருந்து அந்த வட்ட விளிம்பு வரை." பட்டறையில் கேம் (CAM, இயந்திரம் எப்படி வெட்ட வேண்டும் என்று சொல்லும்) மென்பொருளில் உட்கார்ந்திருப்பவர் அந்தப் பரப்பை ஒருமுறை கிளிக் செய்தால் போதும், அச்சும் விட்டமும் வந்துவிடும், ட்ரில்லைத் தேர்ந்தெடுத்துவிடுவார். உங்கள் எஸ்டிஎல்லில் அதே இடத்தில் 64 முக்கோணம் கிடக்கிறது. அவர் எதைக் கிளிக் செய்வார்?

ஏன் இத்தனை முறை என்று கேட்டீர்களே, என் பதில் இதுதான்: அந்த மாடலிடம் அடுத்து யார், என்ன கேட்கப் போகிறார்கள் என்பதைப் பொறுத்து முறை மாறும். பட்டறை விட்டத்தைக் கேட்கும். பிரிண்டர் இந்த உயரத்தில் வெட்டினால் என்ன வரும் என்று கேட்கும். கணினி விளையாட்டின் எஞ்சின் 60-ல் ஒரு பங்கு நொடிக்குள் வரைந்து காட்டு என்று கேட்கும்.

---

சுருள்வலை எழுதியது:

சினிமா விஎஃப்எக்ஸில் மாடலிங் செய்கிறேன், நாள் முழுக்க மெஷ்தான் (முக்கோணம், நாற்கோணங்களைக் கோத்த வலை). பட்டறைக்கு ஆகவில்லை என்பதற்காக மெஷ்ஷை மட்டம் தட்டிவிடாதீர்கள் அண்ணா :) உங்கள் கேட் (CAD, பொறியியல் வடிவமைப்பு) மென்பொருளும் அந்த உருளையைத் திரையில் காட்டும்போது முக்கோணமாக நறுக்கித்தான் காட்டுகிறது. கிராஃபிக்ஸ் கார்டுக்குப் புரிகிற பாஷை அது. மூன்று புள்ளிகள் எப்போதும் ஒரே தளத்தில் இருக்கும், நாலாவது புள்ளி வந்தால் அந்த உத்தரவாதம் போய்விடுகிறது.

கதிர், எஸ்டிஎல்லை வைத்து மெஷ் என்றால் இப்படித்தான் என்று நினைக்காதீர்கள். எஸ்டிஎல்லில் ஒவ்வொரு முக்கோணமும் தன் முனைகளைத் தானே சுமக்கிறது. ஒரு முனையில் சராசரியாக ஆறு முக்கோணங்கள் கூடும், எனவே ஒரே புள்ளி ஆறு தடவை எழுதப்படுகிறது. முறையான மெஷ் இரண்டு பட்டியல். ஒன்றில் முனைகளின் இடம். இன்னொன்றில் எந்தெந்த எண் முனைகளைச் சேர்த்தால் ஒரு முகம் என்ற விவரம். கனசதுரத்துக்கு 8 முனை, 6 முகம். 7-ஆம் முனையை நகர்த்தினால் அதைத் தொடும் மூன்று முகங்களும் கூடவே வரும். முனைகளை வெளியிலிருந்து பார்க்கும்போது இடஞ்சுழியாக எழுதுவது வழக்கம். ஒரு முகத்தில் வரிசை மாறிவிட்டால் அது உள்பக்கம் திரும்பிக்கொள்ளும், ரெண்டரில் கறுப்பாகத் தெரியும்.

மெஷ் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்க ஒரு சுலபமான சோதனை: முனை − விளிம்பு + முகம். துளையில்லாத மூடிய உருவத்துக்கு 2 வர வேண்டும் (கனசதுரம்: 8 − 12 + 6). உங்கள் புல்லி நடுவில் துளை போனது, அதற்கு 0 வர வேண்டும். வேறு ஏதாவது வந்தால் எங்கோ கிழிசல் இருக்கிறது அல்லது இரண்டு துண்டாகக் கிடக்கிறது. ஒரே விளிம்பை மூன்று முகங்கள் பங்கிட்டால் இன்னும் மோசம். பிரிண்டருக்கு எது உள்ளே, எது வெளியே என்றே தெரியாது.

இந்த முறை எவ்வளவு பழையது என்றால், 1972-ல் யூட்டா பல்கலைக்கழகத்தில் எட் கேட்முல் தன் இடது கையைப் பிளாஸ்டரில் வார்த்து, அதன்மேல் மையால் சுமார் 350 பலகோணங்களை வரைந்து, ஒவ்வொரு முனையின் இடத்தையும் அளந்து கம்ப்யூட்டருக்குள் ஏற்றினார். இன்று ஸ்கேனர் அந்த வேலையைச் செய்கிறது. ஸ்டான்ஃபோர்டு முயல் என்று எல்லா ஆய்வுக் கட்டுரையிலும் வருமே, 1994-ல் ஒரு களிமண் முயலை ஸ்கேன் செய்து எடுத்தது. 69,451 முக்கோணம். அடிப்பக்கத்தில் ஸ்கேனர் எட்டாத ஓட்டைகள் அப்படியே இருக்கின்றன.

---

கதிர்நிலவன் எழுதியது:

கோவை அண்ணா, துளை விஷயம் பளிச்சென்று புரிந்தது. அக்கா, என் புல்லிக்குக் கணக்குப் போட்டேன், 0 வந்தது!

அப்படியென்றால் பிளெண்டரில் சப்டிவிஷன் மோடிஃபையரை (முகங்களைப் பிரித்துப் பிரித்து வழுவழுப்பாக்கும் வசதி) போட்டு லெவலை ஏற்றிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் உண்மையான வட்டம் வந்துவிடாதா?

---

பருத்தித்துறை எழுதியது:

வராது தம்பி. ஏன் என்று ஒரு கனசதுரத்தை வைத்துக் கையாலேயே பார்க்கலாம்.

பிளெண்டரில் அந்த மோடிஃபையர் செய்வது கேட்முல்-கிளார்க் முறை, 1978-ல் வந்தது. மேலே சொன்ன கைக்காரரும் ஜிம் கிளார்க்கும் சேர்ந்து எழுதியது. விதி மூன்று. ஒவ்வொரு முகத்துக்கும் அதன் முனைகளின் சராசரியில் ஒரு புதுப் புள்ளி. ஒவ்வொரு விளிம்புக்கும், அதன் இரண்டு முனைகளையும் இரு பக்க முகப் புள்ளிகளையும் சேர்த்து நாலால் வகுத்து ஒரு புதுப் புள்ளி. பழைய முனை மட்டும் கொஞ்சம் சிக்கல்: அதைச் சுற்றியுள்ள முகப் புள்ளிகளின் சராசரி ஒரு பங்கு, சுற்றியுள்ள விளிம்பு நடுப்புள்ளிகளின் சராசரி இரண்டு பங்கு, பழைய இடம் (விளிம்பு எண்ணிக்கை − 3) பங்கு; கூட்டி விளிம்பு எண்ணிக்கையால் வகுக்க வேண்டும்.

கனசதுரத்தின் மூலை (1, 1, 1) என்று வையுங்கள். அங்கே சேர்வது மூன்று விளிம்பு, ஆக பழைய இடத்துக்குப் பங்கே இல்லை. முகப் புள்ளிகளின் சராசரி ஒவ்வொரு அச்சிலும் 1/3. விளிம்பு நடுப்புள்ளிகளின் சராசரி 2/3. (1/3 + 4/3) ÷ 3 = 5/9. ஒரே சுற்றில் மூலை 1-லிருந்து 0.56-க்கு உள்ளே வந்துவிட்டது. விளிம்பின் நடு (1, 1, 0)-இல் இருந்தது (0.75, 0.75, 0)-க்கு வந்துவிட்டது. 6 முகம் 24 ஆகிறது. அடுத்து 96, 384, 1536.

இப்படியே முடிவில்லாமல் போனால் மூலை (0.5, 0.5, 0.5)-இல் போய் நிற்கும். மையத்திலிருந்து தூரம் 0.87. முகத்தின் நடுப்பகுதி 0.84-இல் நிற்கும். கோளமென்றால் இரண்டும் சமமாக இருக்க வேண்டுமே! கண்ணுக்கு உருண்டையாகத் தெரியும், லேத்தில் கடைந்த உருண்டை ஆகாது. லெவலை ஏற்ற ஏற்ற அது நெருங்குவது தனக்கென்று உள்ள ஒரு எல்லைப் பரப்பை. வட்டத்தை அல்ல.

அந்த எல்லைப் பரப்பு நல்ல வழுவழுப்பானது. நாலு விளிம்பு கூடும் முனைகளில் வளைவின் அளவுகூடத் தொடர்ச்சியாக இருக்கும். மூன்றோ ஐந்தோ கூடும் இடங்களில் மட்டும் ஒரு படி குறையும்.

---

பழைய_வாத்தியார் எழுதியது:

கணினி வரைகலைப் பாடம் பல வருடம் நடத்தியவன் என்ற முறையில் ஒரு வார்த்தை. எல்லோரும் நடுவிலிருந்து ஆரம்பிக்கிறீர்கள். ஒரு வளைவரையைக் கையால் போடத் தெரிந்தால் மேலே சொன்னதில் பாதி தானாகப் புரியும்.

கிராஃப் தாளில் நாலு புள்ளி வையுங்கள்: (0,0), (0,4), (8,4), (8,0). அடுத்தடுத்த புள்ளிகளின் நடுப்புள்ளி: (0,2), (4,4), (8,2). மறுபடியும் நடுப்புள்ளி: (2,3), (6,3). இன்னொரு முறை: (4,3). முடிந்தது. இந்த (4,3) வளைவரையின் மேல் உள்ள புள்ளி. நடுவுக்குப் பதில் கால் பங்கு, முக்கால் பங்கு என்று எடுத்தால் மற்ற புள்ளிகள் வரும். வளைவரை முதல் புள்ளியிலும் கடைசிப் புள்ளியிலும் தொடும். நடுவில் உள்ள இரண்டும் அதைத் தம் பக்கம் இழுக்கும், தொடாது. அதனால்தான் உச்சி 4-க்குப் போகாமல் 3-இல் நிற்கிறது.

இதை 1959-ல் கண்டவர் பிரான்சின் சிட்ரோயன் கார் நிறுவனத்தில் இருந்த பால் தெ காஸ்தெல்ஜோ. நிறுவனம் அதை வெளியே விடவில்லை. போட்டி நிறுவனமான ரெனோவில் பியேர் பெசியே 1960-களில் தன் வழியில் அங்கே வந்து சேர்ந்து, எழுதி வெளியிட்டார். பெயர் அவருக்குப் போய்விட்டது. நீங்கள் இப்போது படித்துக்கொண்டிருக்கும் எழுத்துருவில் 'ழ'வின் சுழியும் 'ஞ'வின் வளைவும் இதே பெசியே துண்டுகள்தான்.

ஒரு வளைவரைக்கு 4 புள்ளி என்றால், ஒரு பரப்புத் துண்டுக்கு 4 × 4 = 16. மார்ட்டின் நியூவெல் 1975-ல் யூட்டாவில் தன் வீட்டு டீ பாட்டைத் தாளில் வரைந்து இப்படித்தான் கணினிக்குள் கொண்டுபோனார். இன்று புழங்கும் வடிவத்தில் 32 துண்டு, பொதுப் புள்ளிகளைக் கழித்தால் 306 புள்ளி. முதலில் அதற்கு அடிப்பாகமே கிடையாது. மேசைமேல் வைத்தால் தெரியாதே! அசல் பாட் இன்னும் உயரமானது. வரைகலை ஆய்வாளர் ஜிம் பிளின் அதைச் சப்பையாக்கிக் காட்டினார், அந்தச் சப்பை உருவமே ஊரெங்கும் நிலைத்துவிட்டது. மவுண்டன் வியூவில் உள்ள கணினி வரலாற்று அருங்காட்சியகத்தில் அசல் இருக்கிறது.

பெசியேயின் குறை என்னவென்றால், ஒரு புள்ளியை அசைத்தால் அந்தத் துண்டு முழுவதும் அசையும். அதற்கு மாற்று பி-ஸ்ப்ளைன். ஒரு புள்ளியை அசைத்தால் பக்கத்துச் சில துண்டுகள் மட்டும் அசையும், ஆனாலும் ஒட்டு தெரியாது. அப்புறம் புள்ளிக்குப் புள்ளி எடை போடலாம் என்று வந்ததுதான் நர்ப்ஸ். எடை எதற்கு? சாதாரண பெசியேயால் வட்டத்தைத் துல்லியமாகப் போட முடியாது, எத்தனை புள்ளி வைத்தாலும். மூன்று புள்ளி வைத்து, நடுப் புள்ளிக்கு 0.7071 எடை கொடுத்தால் கால் வட்டம் அப்பழுக்கில்லாமல் வரும். கதிர்நிலவன் கேட்ட உண்மையான வட்டம் இதுதான்.

எனவே தம்பி, பெசியேயிலிருந்து தொடங்கு.

---

சுருள்வலை எழுதியது:

> எனவே தம்பி, பெசியேயிலிருந்து தொடங்கு.

ஐயா, உங்கள் மேல் மரியாதையோடு மறுக்கிறேன். புரிந்துகொள்ளப் பெசியே சரி. வேலை செய்ய வேண்டுமென்றால் சினிமாவில் நர்ப்ஸை யாரும் தொடுவதில்லை, காரணம் இருக்கிறது.

நர்ப்ஸ் பரப்பு என்பது அடிப்படையில் செவ்வகமாக விரிக்கக்கூடிய ஒரு துணி. மனித முகத்தில் கண்ணுக்கு ஓட்டை, வாய்க்கு ஓட்டை, காது வேறு. பல துணிகளை வெட்டித் தைக்க வேண்டும். அசையாத சிலைக்குப் பரவாயில்லை. சிரிக்க வைத்தால் தையல் வாய் பிளக்கும். 1995-ல் வந்த டாய் ஸ்டோரியில் வுடியின் முகத்துத் தையல்களை மறைக்கப் பிக்ஸார் ஆட்கள் பட்ட பாட்டை அவர்களே பின்னால் ஆய்வுக் கட்டுரையில் எழுதியிருக்கிறார்கள். அடுத்து 1997-ல் கெரிஸ் கேம் குறும்படத்தில் அந்தக் கிழவரைக் கேட்முல்-கிளார்க் பரப்பில் செய்தார்கள். ஒரே வலை, எங்கும் தையல் இல்லை. கூர்மை வேண்டிய விளிம்புக்கு மட்டும் 'இத்தனை சுற்றுவரை இதை மழுக்காதே' என்று குறித்துவைக்கும் வசதியும் அப்போது வந்ததுதான். அதற்குப் பிறகு எங்கள் துறை திரும்பிப் பார்க்கவில்லை.

முகம் செய்பவர் யோசிப்பது வாயைச் சுற்றி நாற்கோண வளையங்கள் எப்படி ஓடுகின்றன, ஐந்து விளிம்பு கூடும் முனையை எந்த இடத்தில் ஒளித்துவைப்பது, கன்னம் மடியும்போது வலை எங்கே மடியும் என்பதைத்தான். 0.7071 அங்கே ஒன்றும் செய்யாது.

---

கோவை_பேட்டர்ன் எழுதியது:

தையல் பிரச்சினை எங்களுக்கும் உண்டு அம்மா, நாங்கள் அதை வெளியே சொல்வதில்லை, அவ்வளவுதான் :)

இரண்டு பரப்புகள் வெட்டிக்கொள்ளும் கோட்டை எழுத வேண்டும். டீ பாட்டில் வருகிற மாதிரி இரண்டு துண்டுகளை எடுத்துக்கொண்டால் அவை வெட்டும் வளைவரையின் படி 324 வரை போகும். 324 படிச் சமன்பாட்டை யார் சுமப்பது? எனவே ஒவ்வொரு கேட் மென்பொருளும் தோராயமாக ஒரு வளைவரையைப் போட்டு, 'இந்த அளவு இடைவெளியைப் பொறுத்துக்கொள்' என்று ஒரு எண்ணைக் கூடவே எழுதிவைக்கிறது. ஒரு மென்பொருளில் நீர்புகாமல் மூடியிருந்த உருவம் இன்னொன்றில் திறந்தால் சில இடங்களில் விட்டுப்போவது இதனால்தான். வாடிக்கையாளரிடமிருந்து வரும் கோப்பை வாங்கியதும் பாதி நாள் இந்தக் கிழிசலைத் தைப்பதிலேயே போகும்.

ஆனாலும் நாங்கள் மெஷ்ஷுக்குப் போக மாட்டோம். பம்ப் இம்பெல்லரின் இறக்கையில் தண்ணீர் ஓடும் பரப்பு, கார் கதவின் வெளித்தகடு இதிலெல்லாம் தொட்டுப் பார்த்து நன்றாக இருந்தால் போதாது. கார் தகட்டில் கறுப்பு வெள்ளைக் கோடுகள் பிரதிபலிக்கிற மாதிரி திரையில் ஓட்டிப் பார்ப்பார்கள். இரண்டு பரப்புகள் சேரும் இடத்தில் கோடு துண்டாக விலகினால் திசையே பொருந்தவில்லை. கோடு முறியாமல் ஆனால் மூலை மடங்கினால் திசை பொருந்துகிறது, வளைவு பொருந்தவில்லை. வழுக்கிக்கொண்டு போனால்தான் தேறும். பருத்தித்துறை சொன்ன அந்த மூன்று, ஐந்து விளிம்பு முனை இந்தச் சோதனையில் மாட்டிக்கொள்ளும்.

---

கதிர்நிலவன் எழுதியது:

சண்டை நன்றாகப் போகிறது, நிறுத்த வேண்டாம் :) ஒரு இடைக் கேள்வி. ஓப்பன்ஸ்கேட், கேட் இரண்டிலும் உருளையிலிருந்து உருளையைக் கழித்துத்தான் துளை போடுகிறோம். அப்படியென்றால் சிஎஸ்ஜியும் பி-ரெப்பும் ஒன்றா?

---

பழைய_வாத்தியார் எழுதியது:

கழிப்பது ஒன்று. எதைச் சேமிக்கிறோம் என்பதில்தான் வித்தியாசம்.

சிஎஸ்ஜி செய்முறையைச் சேமிக்கிறது: 'பெரிய உருளை, கழி, சின்ன உருளை'. 1970-களில் அமெரிக்காவின் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் வோல்க்கரும் ரெக்கிச்சாவும் இதற்குக் கணித அடித்தளம் போட்டார்கள். ஒரு புள்ளி உள்ளே இருக்கிறதா என்று கேட்டால் உடனே பதில் கிடைக்கும். 'உள் விளிம்பு எங்கே, அதை உருட்டு' என்றால் விழிக்கும், அதனிடம் விளிம்பே கிடையாது.

பி-ரெப் விளைவைச் சேமிக்கிறது: எந்தப் பரப்புகள், அவை எந்த விளிம்பில் சேர்கின்றன, எந்த விளிம்பு எந்த முனையில் முடிகிறது. அதே காலத்தில் கேம்பிரிட்ஜில் இயன் பிரெய்டு இதைக் கட்டினார். விளிம்பைக் கையில் பிடிக்கலாம், உருட்டலாம். ஆனால் ஒவ்வொரு கழித்தலிலும் வெட்டுக் கோட்டைக் கண்டுபிடித்தாக வேண்டும், அந்த 324 அங்கேதான் வந்து நிற்கும். இன்றைய கேட் மென்பொருள் இரண்டையும் வைத்திருக்கிறது. இடப்பக்கம் தெரியும் மரம் செய்முறை, திரையில் தெரிவது பி-ரெப்.

---

பருத்தித்துறை எழுதியது:

ஐயா சொன்ன சிஎஸ்ஜியை இன்னொரு பக்கமாகத் திருப்பினால் எஸ்டிஎஃப். நான் கணினி விளையாட்டு வேலையில் இருப்பதால் எனக்குப் பிடித்த இடம் இது.

உருவத்தை எழுதாமல், 'வெளியின் எந்தப் புள்ளியைக் கொடுத்தாலும் பரப்பு எவ்வளவு தூரம்' என்று சொல்லும் ஒரு சார்பை எழுதுகிறோம். உள்ளே இருந்தால் கழித்தல் குறி. கோளமென்றால் மையத்திலிருந்து தூரம் − ஆரம். சேர்ப்பு வேண்டுமா, இரண்டு தூரத்தில் சிறியதை எடு. பொதுப் பகுதி வேண்டுமா, பெரியதை எடு. புல்லியில் துளை வேண்டுமா, உடலின் தூரம், துளையின் தூரத்துக்குக் குறி மாற்றியது, இரண்டில் பெரியது. வெட்டுக் கோடு கண்டுபிடிக்கும் தலைவலியே இல்லை கோவை அண்ணை! சிறியதை எடுக்கும்போது கூர்மையாக எடுக்காமல் கொஞ்சம் குழைத்து எடுத்தால் இரண்டு உருவமும் உருகிச் சேர்ந்த மாதிரி வரும். ஜிம் பிளின் 1982-ல் மூலக்கூறுகளை வரைய இதைப் போன்ற ஒன்றைச் செய்தார்.

விலை எங்கே கொடுக்கிறோம் என்றால், பரப்பு எங்கே இருக்கிறது என்று தேட வேண்டும். ஒன்று, கண்ணிலிருந்து கதிரை விட்டு, 'தூரம் எவ்வளவு' என்று கேட்டுக் கேட்டு அவ்வளவு தூரம் தாவிப் போகலாம். இல்லையென்றால் வெளியைச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து மெஷ் எடுக்கலாம். லோரென்சனும் கிளைனும் 1987-ல் எழுதிய மார்ச்சிங் கியூப்ஸ் அதுதான். கட்டத்தின் 8 மூலையும் உள்ளேயா வெளியேயா என்று பார்த்தால் 256 நிலை. சுழற்றியும், உள்ளே-வெளியே என்பதைப் புரட்டியும் ஒன்றாக வருவதைக் கழித்தால் 15. பட்டியலைப் பார்த்து முக்கோணத்தைப் போட்டுக்கொண்டு போக வேண்டியதுதான். ஆஸ்பத்திரியில் சிடி ஸ்கேனிலிருந்து எலும்பை 3டியில் காட்டுவது இதன் வழி வந்தது.

கட்டங்களைச் சேமித்துவைக்க நினைத்தால் மட்டும் உஷார். பக்கத்துக்கு 512 என்றால் 13.4 கோடி கட்டம், ஒன்றுக்கு 4 பைட் வைத்தாலே 512 எம்பி. பக்கத்தை இரண்டு மடங்காக்கினால் 4 ஜிபி.

---

புள்ளிக்கோலம் எழுதியது:

இத்தனை நேரம் வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். உருவத்தைச் செய்யாமல் அதை விளைவிக்கும் விதியை எழுதுவதும் ஒரு முறை, அதை யாரும் தொடவில்லை. 1968-ல் லிண்டன்மேயர் என்ற உயிரியலாளர் பாசி வளர்வதை எழுத்து மாற்று விதிகளாக எழுதினார். பின்னால் அதையே கிளையாக, இலையாக வரைந்து செடி செய்தார்கள். 1974-ல் தாம்பரம் சென்னை கிறித்துவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணியும் உடன் இருந்தவர்களும் கோலத்துக்கு இப்படி இலக்கண விதிகள் எழுதினார்கள். செடிகளைப் பற்றி எழுதியவர்கள் பிற்பாடு இந்தக் கோலங்களைத் தங்கள் விதிகளில் போட்டுக் காட்டினார்கள். என் அம்மாவிடம் சொன்னேன், "இதுக்கு எதுக்குடி கம்ப்யூட்டர்" என்றார்.

---

மட்டுறுத்துநர் எழுதியது:

கோலத்துக்குத் தனி இழை திறக்கலாம், கட்டாயம் வருவேன். இங்கே கதிர்நிலவனின் புல்லி இன்னும் சுற்றவில்லை. நடைமுறை ஆலோசனை யாராவது?

---

சுருள்வலை எழுதியது:

கதிர், உங்கள் புல்லிக்குப் பிளெண்டர் வேண்டாம். சொல்ல எனக்கே கஷ்டமாக இருக்கிறது. ஃப்ரீகேட் என்ற கேட் மென்பொருளைத் திறந்து, பாதிக் குறுக்குவெட்டை வரைந்து, அச்சைச் சுற்றிச் சுழற்றுங்கள். வீட்டுக்கு வந்ததும் பிளெண்டரில் ஒரு முகம் செய்யுங்கள். மெஷ் அங்கேதான் புரியும்.

---

கதிர்நிலவன் எழுதியது:

அக்கா சொன்னபடி ஃப்ரீகேடில் வரைந்தேன். ஸ்டெப் எடுத்து அனுப்பினேன், பட்டறையில் வாங்கிக்கொண்டார்கள்!

ஒரு இடத்தில் மட்டும் மாட்டிக்கொண்டேன். புல்லியின் பக்க விளிம்புச் சுவர் 3 மி.மீ. தடிமன். வெளி விளிம்பை உருட்ட ஃபில்லெட் 3 கொடுத்தால் பிழை வருகிறது. 2.9 கொடுத்தால் ஓடுகிறது. ஏன்?

---

கோவை_பேட்டர்ன் எழுதியது:

சுவர் 3, ஃபில்லெட்டும் 3. உருட்டிய பிறகு சுவரின் மேல் தட்டையாக எவ்வளவு மிஞ்சும்? பூஜ்யம். இருந்த முகம் ஒன்று காணாமல் போகிறது, அதன் இரு பக்க விளிம்பும் ஒன்றின்மேல் ஒன்று விழுகிறது. வாத்தியார் சொன்ன பி-ரெப்பில் எந்த முகம் எந்த முகத்தைத் தொடுகிறது என்று ஒரு கணக்கு இருக்கிறதல்லவா, அதையே மாற்றி எழுத வேண்டும். ஃப்ரீகேடுக்குள் இருந்து வடிவக் கணக்கைப் போடும் ஓப்பன் கேஸ்கேட் இந்த இடத்தில் திணறும். 2.9-இல் 0.1 மி.மீ. முகம் மிஞ்சுகிறது, கணக்கு மாறவில்லை, ஓடிவிடுகிறது.

2.99 என்று வைத்து ஏமாற்றுவோர் உண்டு, செய்யாதே. ஸ்டெப்பில் 0.01 அகலத்துக்கு ஒரு நாடா முகம் உட்கார்ந்திருக்கும், பட்டறை மென்பொருளில் அது வேறு தொல்லை தரும். முழு உருட்டல்தான் வேண்டுமென்றால் ஃபில்லெட்டை அழித்துவிட்டு, நீ சுழற்றிய அந்தக் குறுக்குவெட்டிலேயே கால் வட்ட வில்லைப் போட்டு மறுபடி சுழற்று. அப்புறம் துளையை 10 என்றே வைத்து, படத்தில் எச்7 (துளை அளவு எவ்வளவு விலகலாம் என்பதற்கான குறியீடு) என்று எழுதிக் கொடு. பிளாஸ்டிக்குக்காகக் கூட்டிய 0.3-ஐ மறக்காமல் எடுத்துவிடு.